மஹாலாவின் அரை வருஷங்கள்

மஹாலாவை நான் முதலில் பார்த்தபோது அவள் முழுசாக இருந்தாள். கை கால் முழுசு என்று சொல்ல வரவில்லை, அதெல்லாம் கடைசிவரை இருந்தது. ஒரே எசமானின் ஆளாக இருந்தாள் என்கிறேன். கென்டக்கியில் எங்கள் பக்கத்துச் சணல் காடுகளில் அடிமையாகப் பிறந்தவர்களுக்கு அதுவே ஒரு சௌகரியம். யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதாவது தெளிவாக இருக்கும்.

அவளுடைய எசமான் கிழவர் ஹாகார்ட். என்னுடைய எசமான் பக்கத்துப் பண்ணை வில்கின்ஸ். என் பெயர் டெம்பி. சுற்று வட்டாரத்தில் கறுப்பி, வெள்ளைக்காரி என்று பாராமல் எல்லா வீட்டுப் பிரசவத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூலி என் எசமானின் பைக்குப் போகும். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் போய்வர எனக்கு உரிமை இருந்தது. வலியில் கிடக்கிறவளும் அவள் வீட்டாரும் என்னை ஒரு நாற்காலி போல நினைத்துக்கொண்டு எதையும் பேசுவார்கள். நாற்காலிக்குக் காது இருந்தது.

ஹாகார்ட் கிழவர் செத்தபோது பண்ணையை நடுவில் ஓடும் ஓடையை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். மேற்கே மூத்தவன் சைலஸுக்கு, கிழக்கே இளையவன் லூதருக்கு. மாடு, கோவேறு கழுதை, பன்றி, ஆள் எல்லாம் பங்கு போட்ட பிறகு ஒற்றையாக மிஞ்சியது மஹாலா. நன்றாகச் சமைப்பாள், துவைப்பாள், சணல் அடிப்பதில் ஆண்களுக்குச் சமமாக நிற்பாள். அதனால் விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை, விற்றுப் பிரித்துக்கொள்ளவும் மனமில்லை. கடைசியில் வருஷத்தை வெட்டினார்கள். புத்தாண்டிலிருந்து ஜூன் முடிய அவள் சைலஸின் ஆள். ஜூலை பிறந்தால் லூதரின் ஆள். கைமாறும் நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் துணி மூட்டையோடு ஓடைப் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். பாலம் என்றால் பெரிய பாலம் இல்லை, நாலு மரக்கட்டையும் மேலே கொஞ்சம் பலகையும்.

இரண்டு பேரும் தங்கள் அரை வருஷத்தில் முழு வருஷ வேலையைப் பிழிந்தார்கள். அது கிடக்கட்டும், செருப்பு விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு சோடி, கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் உன் முறையில்தான் வருகிறது, நீ வாங்கிக் கொடு என்பான் சைலஸ். ஜனவரி, பிப்ரவரிக் குளிர் உன் முறையில்தானே, நீ வாங்கு என்பான் லூதர். மஹாலா சாக்குத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு பனியில் நடந்தாள். இரண்டு சுண்டு விரல்கள் கறுத்து உதிர்ந்து போயின. அப்போதுகூட விரல் யார் முறையில் கெட்டது என்றுதான் அந்த வீடுகளில் பேச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. சாலையில் எங்களைத் தனியாகக் கண்டால் எந்த வெள்ளைக்காரனும் நிறுத்தி, யாருடைய ஆள் என்று கேட்கலாம். கேட்ட உடனே எசமான் பெயரைச் சொல்ல வேண்டும். யோசித்தால் ஓடிப்போகிறவள் என்று அர்த்தம். பங்கு பிரித்த பிறகு வந்த முதல் ஜனவரியில், சோளம் அரைக்கப் போன வழியில் மஹாலாவை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். முந்தின வாரம்வரை லூதரிடம் இருந்தவள், வாய் தவறி லூதர் என்று சொல்லிவிட்டாள். சேதி சைலஸுக்குப் போனது. களஞ்சியத்தில் கட்டி வைத்து, ஒவ்வொரு அடிக்கும் தன் பெயரைச் சொல்ல வைத்து அடித்தான். ஜூலையில் லூதர் சும்மா விடுவானா? அண்ணன் ஏற்றியதை இறக்க வேண்டும் என்று அதே மாதிரி அவனும் கட்டி வைத்து அடித்தான். அதற்குப் பிறகு வருஷத்தில் இரண்டு முறை அந்தப் பாலத்தைத் தாண்டும்போது புதுப் பெயரை முணுமுணுத்துக்கொண்டே போவாள். நான் ஒருமுறை கேலியாக, "என்னடி, ஜெபமா?" என்று கேட்டேன். "முதுகுக்குச் சொல்லிக் குடுக்குறேன் அக்கா" என்றாள்.

வேறொரு பண்ணையில் ஜூப் என்று ஒருவன். இவளுக்குப் புருஷன், சனிக்கிழமை சாயங்காலம் வந்து போவான். இவள் வயிறு தெரிய ஆரம்பித்த போது அவனைத் தெற்கே விற்றுவிட்டார்கள். அவனைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும்.

பிள்ளைக்கு வருகிறேன். சகோதரர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள், யார் முறையில் பிள்ளை விழுகிறதோ அது அவனுக்கு. கன்றுக்குட்டிக்குப் பேசுகிற மாதிரிதான் பேசினார்கள். மஹாலாவுக்கு நாள் குறித்தால் அது ஜூன் கடைசிக்கும் ஜூலை தொடக்கத்துக்கும் நடுவில் வந்து நின்றது. சைலஸின் பெண்டாட்டி ஹெஸ்டர் ஜூன் மாதம் பாதியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "டெம்பி, சீக்கிரம் இறக்குறதுக்கு வேர் ஏதும் இருக்குமே, உனக்குத் தெரியாததா" என்றாள். தெரியாது என்று பொய் சொன்னேன். அவள் யார் யாரிடமோ கேட்டு ஒரு கஷாயம் காய்ச்சி ஊற்றினாள். மஹாலா ரத்தமாக வாந்தி எடுத்தாளே தவிர பிள்ளை அசையவில்லை. பிறகு நிறைமாதக்காரியைக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க விட்டாள். மாடிப்படியில் மூட்டையோடு ஏறி இறங்க விட்டாள். தன் பிள்ளைகளுக்குத் தினமும் பைபிள் வாசித்துக் காட்டுகிற பெண் அவள்.

கைமாறும் நாள் காலையில் வலி எடுத்தது. என்னைக் கூட்டிவர ஆள் வந்தது, நான் ஓடினேன். மத்தியானம் வரை பிள்ளை வரவில்லை. லூதர் சொன்ன நேரத்துக்குக் கரையில் வந்து நின்று, சாப்பாடு முடிந்துவிட்டது, அவளை அனுப்பு என்று கூப்பிட்டான். நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை என்று சைலஸ் இங்கிருந்து கத்தினான். உண்மைதான், ஹெஸ்டர் வேண்டுமென்றே உலை வைக்காமல் இருந்தாள். லூதர் தன் ஆட்கள் இரண்டு பேரோடு உள்ளே வந்து, மஹாலாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். சைலஸ் பின்னாலேயே வந்து பாலத்தில் வைத்து மறுகையைப் பிடித்தான். இரண்டு பேரும் இழுத்தார்கள். அவள் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முட்டி போட்டேன். பிள்ளை அங்கேயே பிறந்தது.

கொஞ்சம் வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன். யாரும் நகரவில்லை. லூதர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், பிள்ளையை அல்ல, பலகையை. "தலை எந்தப் பக்கம் விழுந்துச்சு?" என்று என்னிடம் கேட்டான். சைலஸ் பாலத்தை அடி மேல் அடி வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டான், நடு எங்கே என்று பார்க்க. நான் கொடியை அறுத்து, என் பாவாடையில் பிள்ளையைச் சுற்றினேன். பெண் குழந்தை. தலை எந்தப் பக்கம் விழுந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரத்தம் மறைத்துவிட்டது எசமான், பார்க்கவில்லை என்றேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை.

அந்தப் பிள்ளைதான் லெட்டி. யாருக்கு என்று தீராமலே வளர்ந்தாள். வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதுவரை தாயோடு சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு தடவை பாலம் தாண்டினாள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. தீர்ப்பு வராத வரைக்கும் இரண்டு பேராலும் அவளை விற்க முடியாது. மஹாலாவுக்கும் அது தெரியும். அவள் வேண்டிக்கொண்ட ஒரே வேண்டுதல், வழக்கு முடியக்கூடாது என்பதுதான். பிள்ளையின் தலைமுடியைப் பின்னிவிடும்போது சின்னக் குரலில் சொல்லிக்கொண்டிருப்பாள்: "சண்டை போடட்டும். நல்லா போடட்டும்."

நல்லாத்தான் போட்டார்கள். அண்ணன் தம்பி ஒரே கோயிலுக்குப் போவதை நிறுத்தினார்கள். அடிமை வைத்திருப்பது பாவமா இல்லையா என்ற தகராறில் கோயிலே முன்பு இரண்டாக உடைந்திருந்ததால், ஆளுக்கொன்று தயாராக இருந்தது. பிறகு தேசமே உடைய ஆரம்பித்தது. கிராமத்துக் கடைவாசலில் நின்று கொடி, மாநில உரிமை, முன்னோர் செய்த சத்தியம் என்று ஆளாளுக்குத் தொண்டை வற்றப் பேசினார்கள். நான் கூடையோடு அந்த வழியாகப் போகும்போது கேட்டுக்கொண்டு போவேன். பெரிய பெரிய வார்த்தைகள். எனக்கு அந்தப் பாலமும், அடி மேல் அடி வைத்து அளந்தவனும்தான் ஞாபகம் வரும்.

லூதர் தெற்கத்திக்காரர் பக்கம் போனான். வடக்கே இருக்கிறவன் வந்து நம் ஆட்களை அவிழ்த்து விடுவான், அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றான். சைலஸ் வடக்கத்திக்காரர்களின் யூனியன் பக்கம் நின்றான். அவன் ஏதோ எங்கள் மேல் இரக்கப்பட்டு நின்றான் என்று நினைக்கிறவர்கள் முட்டாள்கள். யூனியனோடு இருந்தால்தான் நம் ஆட்கள் நம்மிடம் தங்குவார்கள், சட்டம் நமக்குக் காவல் என்று கணக்குப் போட்டான். அந்த வருஷம் கென்டக்கியில் அந்தக் கணக்கு தப்பே இல்லை. ஒரே சொத்தைக் காப்பாற்ற அண்ணன் ஒரு கொடியைப் பிடித்தான், தம்பி இன்னொரு கொடியைப் பிடித்தான்.

கிளம்புகிற அன்று லூதர் குதிரையில் வந்து, லெட்டியைக் கொடு, தெற்கே கூட்டிப்போகிறேன் என்றான். சைலஸ் துப்பாக்கியோடு இந்தக் கரையில் நின்றான். லூதரும் துப்பாக்கியை எடுத்தான். மஹாலா பிள்ளையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு பன்றிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். சுடாமல் போனார்கள். கொடிக்காக அண்ணனும் தம்பியும் துப்பாக்கி தூக்கினார்கள் என்று ஊரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்கள்.

என் எசமான் வில்கின்ஸும் கேப்டன் ஆகும் ஆசையில் தெற்கே போனார். அடுத்த குளிர்காலம், ஹெஸ்டருக்கு நாலாவது பிள்ளை. பேறு பார்க்கப் போயிருந்தேன். வலிக்கு நடுவிலேயே அவளும் சைலஸும் பேசிக்கொண்டார்கள். தம்பி கலகக்காரன் ஆகிவிட்டான், கோர்ட்டில் அவனுக்காக வாயைத் திறக்க இனி ஆள் கிடையாது, அந்த லெட்டிச் சிறுசை இந்த மாதமே வியாபாரியிடம் தள்ளிவிடலாம், விலை இறங்கிக்கொண்டே போகிறது. நான் ஹெஸ்டரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தேன். 

மஹாலாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. மாவு பிசைந்த கையைக் கழுவிக்கொண்டு, "எப்ப அக்கா?" என்றாள். அன்றைக்கே கிளம்பினோம், அவளும் லெட்டியும் நானும். ஒஹையோ ஆற்றங்கரையில் யூனியன் படையின் முகாம் ஒன்று இருந்தது. தெற்கே போன கலகக்காரனின் அடிமை அங்கே போய்ச் சேர்ந்தால் விடுதலை, படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்புகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த சேதி. விசுவாசமாக இருக்கிறவனின் அடிமையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுவும் தெரியும். ஆகவே வழியெல்லாம் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டால் லூதர் என்று சொல். லூதர் ஹாகார்ட், தெற்கே போனவன். அது பொய்யும் இல்லை, பாதி அவனுடையவள்தானே. "லூதர், லூதர்" என்று அவளும் சொல்லிக்கொண்டே நடந்தாள். பனியில், சாக்குத் துணி சுற்றிய காலோடு.

அது பிப்ரவரி மாதம். சைலஸின் அரை வருஷம்.

முகாம் வாசலில் ஒரு மேசை. சளி பிடித்த ஒரு சின்ன வயது அதிகாரி காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வரிசையில் நான் முன்னால். வில்கின்ஸ் ஆள், அவர் தெற்கே போய்விட்டார் என்றேன். படகுப் பக்கம் கையைக் காட்டிவிட்டான். அவ்வளவு சுலபம். அடுத்தது மஹாலா. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ யாரு ஆளு?"

"சைலஸ் ஹாகார்ட் எசமான் ஆளுங்க" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அது அவள் வாய் சொன்னதில்லை, களஞ்சியத்தில் அடித்து அடித்து ஏற்றிய முதுகு சொன்னது. பக்கத்தில் நின்ற சார்ஜென்ட், சைலஸ் ஹாகார்ட் நம்ம ஆள்தான், முகாமுக்குப் பன்றிக்கறி அனுப்புகிறவர் என்றான். அதோடு தீர்ந்தது.

நான் படகுப் பக்கத்திலிருந்து ஓடிவந்து, எசமான், இவள் பாதி லூதருடையவள், அவன் கலகக்காரன் என்று விஷயத்தை விளக்கினேன். அதிகாரி முதல்முறையாகக் காப்பியைக் கீழே வைத்தான்.

"பாதிதான் விடுதலைன்னா, எந்தப் பாதி? மேல் பாதியா, கீழ் பாதியா?"

சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். எங்களை விடுவிக்க வந்தவர்கள் என்று பின்னால் சிலை வைத்தார்களே, அந்த நீலச் சட்டைக்காரர்கள்தான். அவன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன், அவனுக்குச் சளி, அவனுக்கு வேலை முடிய வேண்டும். சைலஸின் பன்றிக்கறி வண்டி திரும்பிப் போகும்போது இவளை அதில் ஏற்றி அனுப்பச் சொன்னான். பிறகு அவன் கண் லெட்டி மேல் விழுந்தது. "இது உன் பொண்ணா?"

தாய் யாருடைய ஆளோ, பிள்ளையும் அவனுடைய ஆள். அது எங்களுக்குப் பால் குடிக்கும்போதே தெரிந்த சட்டம். ஆமாம் என்றால் லெட்டியும் அதே வண்டியில் திரும்பிப் போய், வியாபாரியின் கைக்குப் போவாள். மஹாலா பிள்ளையின் கையை விட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு விரலாக விட்டாள்.

"இல்லைங்க எசமான். இது டெம்பி பொண்ணு. எனக்குப் பிள்ளை இல்லைங்க."

லெட்டி "அம்மா" என்று கத்திக்கொண்டு அவள் பாவாடையைப் பிடித்தாள். அதிகாரி மஹாலாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மஹாலா பாவாடையை உதறினாள். "இது யாரப் பாத்தாலும் அம்மாம்பாங்க. கொஞ்சம் புத்தி மட்டு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாளோ.

பிள்ளை இன்னொருமுறை கத்த வாயைத் திறந்தது. நான் போய் ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. "யாருடி உனக்கு அம்மா, வாடி இங்க" என்று தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படகுக்குப் போனேன். அறைந்ததற்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. அந்தத் தாயின் பொய்யையும் அந்த ஓர் அறையையும் தவிர அந்த இடத்தில் அந்தப் பிள்ளைக்கு யாரும் எந்த நல்லதும் செய்யவில்லை. மஹாலா எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியருகில் நின்றாள். படகு நகர்ந்தது. அவள் திரும்பவில்லை.

பிறகு நடந்ததை, அந்தப் பண்ணையிலிருந்து தப்பி வந்த ஒருத்தி சொல்லி அறிந்தேன். சிறுசு எங்கே என்று சைலஸ் அடித்துக் கேட்டிருக்கிறான். ஆற்றில் போய்விட்டது என்றாளாம். போன விலையை நினைத்து அவன் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் முணுமுணுத்தானாம். போர் முடிந்து லூதர் தோற்றுத் திரும்பி வந்தான். அண்ணனும் தம்பியும் பாலத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பன்றித் தொடை சுட்டுப் பரிமாறியது மஹாலா. யூனியன் பக்கமே நின்ற மாநிலம் என்பதால் எங்கள் கென்டக்கியில் அடிமைச் சட்டம் அப்போதும் சாகவில்லை. அதனால் பழைய ஏற்பாடே தொடர்ந்தது. ஜூலை பிறந்ததும் அவள் மூட்டையோடு கிழக்கே போனாள்.

அந்தக் கோடையிலேயே காய்ச்சலில் செத்தாள். உன் முறையில் செத்தாள், நீ புதை என்றானாம் சைலஸ். அப்பாவுடைய ஆட்களைப் புதைக்கிற இடம் உன் பக்கம்தானே இருக்கிறது, நீ புதை என்றானாம் லூதர். ஆகஸ்ட் வெயிலில் ஒரு பகல் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தாள். கடைசியில் பண்ணை ஆட்களே தூக்கிப் போய்ப் பாலத்துக்குக் கீழே ஓடைக் கரையில் புதைத்தார்கள். எந்தக் கரை என்று எனக்குச் சொன்னவளுக்குக்கூட ஞாபகம் இல்லை.

அந்த டிசம்பரில் சட்டம் செத்தது. வழி பயமில்லாமல் ஆனதும் லெட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த ஓடைக்குப் போனேன். அதுவரை அக்கரையில் என்னுடன்தான் இருந்தாள், சொன்ன வேலையைச் செய்வாள். அம்மா என்று என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மஹாலா ஏன் அப்படிச் சொன்னாள் என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

ஓடையில் தண்ணீர் உறைந்திருந்தது. இரண்டு கரையிலும் தேடினோம், மண் மேடு எதுவும் இல்லை, வெறும் பனி. லெட்டி பாலத்தில் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். கிழிந்து ஆறின உதட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்குப் படகு போறப்ப, என்னத் திரும்பிப் பாத்தாளா?"

பார்த்தாள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவள் பார்க்காமல் நின்றதுதான் அன்றைக்கு இந்தப் பிள்ளையைப் படகில் வைத்தது. அதை நான் பொய்யால் எடுத்துவிடக்கூடாது என்று தோன்றியது.

"பாக்கலடி" என்றேன். "பாத்திருந்தா ஓடி வந்து உன்னத் தூக்கியிருப்பா. அந்த அதிகாரிக்குத் தெரிஞ்சிருக்கும்."

லெட்டி பலகையில் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாகக் கீழே பார்த்து, கண்ணுக்குத் தெரியாத அந்த மண்ணிடம், இனி யாரும் அறைந்து வாயை மூட முடியாது என்கிற சத்தத்தில், அம்மா என்று கூப்பிட்டாள்.